காலடி இல்லாத பன்றி

திங்கட்கிழமை காலை.

"என் பிளேன் வானத்துல மயக்கம் போட்டுருச்சு தாயி. பம்பரமாச் சுத்திக்கிட்டே வந்துச்சு. நான் கையை எடுத்துட்டேன். அதுவாத் தெளிஞ்சு, அதுவாத் திரும்பி, அதுவா இறங்கிருச்சு. ஒரு கீறல் இருக்காது. இறங்குனதுக்கு அப்புறந்தான் எவனோ தூக்கிட்டான்."

சொன்னவர் சுந்தரலிங்கம். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் ஞாயிறு தவறாமல் ரேடியோவில் விமானம் பறக்கவிடுகிறவர். மழை பெய்கிறது என்று அவர் சொன்னால் மார்க்கையன்கோட்டையில் வெளியே கை நீட்டிப் பார்த்த பிறகுதான் குடை எடுப்பார்கள்.

கேட்டவள் சப்-இன்ஸ்பெக்டர் முனீஸ்வரி. மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வந்த ஊர்க்கூட்டத்தை எல்லாம் இரவும் பகலுமாகக் கட்டி மேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். இமை ஒவ்வொன்றும் ஒரு மூட்டை நெல் கனத்தது. அவள் விட்ட கொட்டாவிக்குச் சுவரிலிருந்த பல்லி ஒரு முழம் பின்வாங்கியது.

மேசை மேல் பிணம் கிடந்தது.

ஐந்தடி இறக்கை. ஏலக்காய்ப் பச்சை நிறம். பஞ்சு போன்ற பால்சாக் கட்டையில் இழைத்த உடம்பு. பெயரே 'ஏலக்காய்'தான். குட்டிக்கரணம் போடுவதற்கென்றே அந்தக் காலத்தில் வரைந்த மாடல் அது. இப்போது மூக்கு நசுங்கி, இறக்கை நடுவில் முறிந்து, வால் தொங்கியது.

"செத்துக் கெடக்கேய்யா," என்றாள் முனீஸ்வரி. "நேத்துச் சாயங்காலம் முப்பது பேரு பாத்துருக்காக. சுத்திக்கிட்டே தென்னந்தோப்புக்குப் பின்னால போச்சுன்றாக. இருட்டுற வரைக்கும் தேடிருக்காக. விடியக்காலம் தோப்புல கெடந்துச்சு. நீங்க வந்து களவு போச்சுன்றீக."

"இது அது இல்ல."

"அப்ப இது எது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான கவர்மென்ட்டு உங்களுக்குத் தொப்பி குடுத்துருக்கு?"

எழுத்தர் விஜய்பாண்டி பேனாவைத் தூக்கினான். "மேடம், 'தானாக இறங்கியது'ன்னு எழுதவா?"

"எழுதாத. ஆள் ஓட்டாத பிளேன் தானா இறங்குச்சுன்னு எழுதுனா உன்னையும் என்னையும் மேகமலைக்குத் தூக்கி அடிச்சுருவாக."

"அங்கன குளுகுளுன்னு இருக்கும் மேடம்."

"பேனாவை மூடுறா."

முனீஸ்வரி பிணத்தை ஒரு விரலால் புரட்டினாள். விரல் போன வழியில் கோடு விழுந்தது. நுனியில் தூசி. மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டாள். நசுங்கிய மூக்குக்குள் செம்மண் செங்கல்லாய் இறுகியிருந்தது.

வாசலில் ஜாய்ஸ் நின்றாள். தேனியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுடைய அப்பா இம்மானுவேல் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர், சுந்தரலிங்கத்தின் உயிர்த் தோழர், இந்த விமானத்தைச் செய்தவர். போன வருடம் இறந்துபோனார்.

"அப்பா கை பட்டதுல இது ஒண்ணுதான் மிச்சம் மாமா," என்றாள் ஜாய்ஸ், உள்ளே வராமலேயே. "வித்தை காட்டாம பறக்கவிட்டு இறக்குங்கன்னுதான குடுத்தேன்? ஒடைச்சுட்டீக. சரி. ஒடைச்சேன்னு சொல்லுங்க, ஒரு மாசம் அழுதுட்டு மறந்துர்றேன். அதுவா எந்திருச்சு அதுவா இறங்குச்சுன்னு எங்கிட்டயே கதை விடுறீக பாத்தீகளா, அதுதான் தாங்க முடியல. இனி எங்க வீட்டு வாசப்படி ஏறாதீக."

சுந்தரலிங்கம் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. அந்த வாயிலிருந்து எதுவும் வராமல் போனதை விஜய்பாண்டி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

அவர் தோளை ஆதரவாகப் பிடித்திருந்தவர் தங்கப்பாண்டியன். சின்னமனூரில் வாழைக்காய் மண்டி, ஞாயிற்றுக்கிழமை விமானக் குழுவுக்குச் செயலாளர். பிணத்தைத் தன் துண்டில் பொதிந்து பிள்ளை போலத் தூக்கி வந்தவர் அவர்தான்.

"அண்ணனை விட்ருங்க மேடம். வயசாகிருச்சு, மனசு ஒத்துக்கல. இந்த டிசைனே அப்பிடித்தான். சுத்த ஆரம்பிச்சா எந்திரிக்காது. என்னோடதும் வடுகபட்டிப் பக்கம் அப்பிடித்தான் விழுந்துச்சு."

"உங்ககிட்டயும் ஒண்ணு இருந்துச்சா?"

"அப்பா ரெண்டு செஞ்சாக," என்றாள் ஜாய்ஸ். "அச்சு அசல் ரெட்டைப் பிள்ளைக மாதிரி. ஒண்ணு இந்த அங்கிளுக்கு."

"அது இப்ப எங்கன?"

"விழுந்த கையோட அங்கனயே கொளுத்திட்டேன் மேடம். பாக்கச் சகிக்கல."

"ஆத்தா!" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வெடித்தது. விடிந்ததிலிருந்து காத்துக் கிடந்த மாயக்காள். "பொம்மைப் பிளேனுக்கு இம்புட்டு நேரமா? என் நெல்லைப் பன்னி சாச்சிருச்சு. அறுக்கப் போற நெல்லு."

"ஃபாரஸ்ட் ஆபீஸ்ல சொல்லணும்மா அதை."

"சொன்னேன். கால் தடத்தைக் காட்டுன்றாக. இருந்தாத்தான காட்டுவேன்? நடு வயல்ல ஒரு பாயை விரிச்ச மாதிரி படுத்துருக்கு. சுத்தி ஒரு குளம்புத் தடம் கிடையாது. மனுசக் காலு ஒண்ணு மட்டும் வரப்புலருந்து போய்த் திரும்பிருக்கு."

"அப்ப பன்னி வானத்துலருந்து குதிச்சுருச்சா?" என்றான் விஜய்பாண்டி. ஸ்டேஷனே சிரித்தது. முனீஸ்வரிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. தங்கப்பாண்டியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டியை எடு," என்றாள் முனீஸ்வரி. "அந்த எடத்தை ஒரு தரம் பாத்துட்டு ஃபைலை மூடிருவோம். எனக்குத் தூங்கணும்."

மதியம்.

மார்க்கையன்கோட்டைக்கு வெளியே, வெட்டாந்தரையாகக் கிடந்த ஒரு தரிசு. வெயிலுக்குத் தரை பப்படம் போலப் பொரிந்தது. கிழக்கே மேகமலை புகைநிறத்தில் படுத்திருந்தது. பறக்கவிடுகிறவர்கள் நிற்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் தென்னந்தோப்பு.

சுந்தரலிங்கம் தன் உள்ளங்கையை விமானமாக்கினார். ஜாய்ஸ் இல்லாத இடத்தில் அவருக்குக் கொஞ்சம் குரல் திரும்பியிருந்தது.

"மேகமலை உச்சிக்கு ஏத்திட்டேன் தாயி. கழுகெல்லாம் கீழ பறந்துச்சு. அங்கன எஞ்சினைக் குறைச்சு மூக்கைத் தூக்குனா வேகம் செத்துரும். இறக்கைக்கு மூச்சு முட்டும். அதுதான் ஸ்டாலு. ரெண்டு இறக்கையும் ஒண்ணு போல மயங்காது. ஒரு பக்கத்தை முன்னாடி மயங்க வச்சோம்னா, அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டே இறங்கும். அதுதான் ஸ்பின்னு."

"எப்பிடி நிப்பாட்டுவீக?"

"ரிமோட்டுல இருக்கிற குச்சியை எதிர்ப் பக்கம் தள்ளுனா நிக்கும். நேத்து நிக்கல. நான் பதறிப்போய் என்னென்னமோ இழுத்துட்டேன். இழுக்க இழுக்க மயக்கம் கூடும். சரி, நம்ம கைதான் அதைக் கொல்லுதுன்னு விட்டுட்டேன். மூக்குல கனம் சரியா இருந்தா, விட்டதும் தலை தானா கீழ சாயும். வேகம் வரும். வேகம் வந்தா இறக்கைக்கு உசுரு வந்துரும். இம்மானுவேல் கட்டுனது எந்திரிக்காமப் போகாது."

"எந்திரிச்சதை நீங்க பாத்தீகளா?"

சுந்தரலிங்கம் தோப்பைப் பார்த்தார். "தென்னமரம் மறைச்சிருச்சு."

முனீஸ்வரி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் சிவராத்திரிக் கூட்டம் மொத்தமும் இருந்தது.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் ஒச்சாண்டி. அங்கேயே குடிசை. விமானச் சத்தத்தில் தன் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன். பிணத்தைக் கண்டெடுத்தவனும் அவன்தான். ஆகவே சந்தேகம் முதலில் அவன் மேல்தான் விழுந்தது.

"நீ கவட்டை வச்சு அடிச்சியா?"

"அம்புட்டு ஒசரத்துக்குக் கவட்டைக் கல்லு போகுமா மேடம்? பேசாம நின்னு பாத்தேன். பெருசு ரெண்டு கையையும் தூக்கித் தலையில வச்சுட்டாரு. அழுகப்போறாருன்னு நெனச்சேன்."

முப்பது பேரும் காலையில் இதையேதான் சொல்லியிருந்தார்கள். தலையில் கை வைத்துவிட்டார், எல்லாம் முடிந்தது என்று. முனீஸ்வரி முதல்முறையாக அதை வேறு மாதிரி கேட்டாள். இரண்டு கையும் தலையில் இருந்தால், குச்சியைப் பிடித்திருந்தது யார்?

"விழுந்த சத்தம் கேட்டுச்சா?"

"தேங்கா விழுந்தா தூக்கத்துலயும் எந்திரிக்கிற ஆளு நான். ஒண்ணும் விழல. காலையில பாத்தா பாத்திக்குள்ள கெடக்கு."

"எப்பிடிக் கெடந்துச்சு? குத்திக்கிட்டா?"

"எலை போட்ட மாதிரி மேலாப்புல கெடந்துச்சு. நேத்து மத்தியானந்தான் தண்ணி பாய்ச்சுனேன். கூழா இருக்கு தரை."

முனீஸ்வரி குனிந்து பாத்தி மண்ணை எடுத்தாள். கரிசல் வண்டல். விரலிடுக்கில் கறுப்பாய் வழிந்தது.

"செயலாளர் சார்," என்றாள் நிமிர்ந்து, ஜீப்புக்குப் பின்னாலேயே காரில் வந்திருந்த தங்கப்பாண்டியனிடம். "நான் ஒண்ணுகூட பறந்து பாத்ததில்ல. ஒரு ரவுண்டு காட்டுறீகளா?"

தங்கப்பாண்டியன் சந்தோஷமாகவே காரிலிருந்து ஒரு மஞ்சள் விமானத்தை எடுத்தார். அது ஆயிரம் குளவி சேர்ந்தாற்போலக் கத்திக்கொண்டு ஏறி, இரண்டு வட்டம் அடித்து, பூப்போல இறங்கியது. எஞ்சினை நிறுத்திய கையோடு இடுப்பிலிருந்து பழைய வேட்டித் துணியை உருவி, மூக்கிலிருந்து வால்வரை துடைக்க ஆரம்பித்தார். பக்கத்தில் சுந்தரலிங்கமும், யாரும் சொல்லாமலே, மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து மறுபக்கத்தைத் துடைத்தார்.

"என்ன வழியுது?"

"வெளக்கெண்ணெ மேடம். இது பெட்ரோல் இல்ல. ஸ்பிரிட்டும் வெளக்கெண்ணெயும் கலந்து ஊத்துவோம். எண்ணெ எரியாம வெளிய வந்து ஒடம்பெல்லாம் அப்பிக்கிரும். ஒவ்வொரு தரம் பறந்ததும் துடைச்சே ஆகணும். இல்லாட்டி பிசினாகிரும். தூக்கத்துல எழுப்பிவிட்டாலும் இந்தக் கை துடைக்கும்."

முனீஸ்வரி மஞ்சள் விமானத்தைத் தொட்டாள். விரல் பளபளத்தது. அதே விரலைக் காலையில் எங்கே வைத்தோம், என்ன ஒட்டியது என்று யோசித்தாள். அவள் கண்ணிலிருந்த தூக்கம் எழுந்து, சட்டையை உதறிக்கொண்டு, கம்பம் பஸ் ஏறிப் போய்விட்டது.

"விஜய்பாண்டி, உன் தொப்பியைக் கழட்டு."

தொப்பியைக் கை நீளத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடினாள். மேகமலையின் உச்சி தொப்பிக்குப் பின்னால் காணாமல் போனது. தொப்பியை இறக்கி, தோப்பைப் பார்த்தாள்.

"கிட்டத்துல இருக்கிற மரம், தூரத்துல இருக்கிற வானத்தை நெறைய மறைக்கும். மரத்துக்குப் பின்னால போச்சுன்னா தரைக்கு வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல. அது மறைஞ்சப்பவே நாலு தென்னமர ஒசரம் பாக்கி இருந்துருக்கும்." பிறகு கேட்டாள். "தோப்புக்கு அங்கிட்டு யாரு வயலு?"

"மாயக்காளுது," என்றான் ஒச்சாண்டி.

வெயில் சாய்ந்த நேரம்.

முற்றிய நெல் காற்றில் சலசலத்தது. நடு வயலில் ஒரு பட்டை. தொடக்கத்தில் கதிர் நுனி மட்டும் வளைந்து, போகப்போகத் தாள் மடிந்து, முடிவில் தரையோடு படுத்திருந்தது. சீப்பால் வாரிய தலை மாதிரி எல்லாம் ஒரே திசையில்.

"பன்னி உருண்டா நாலு பக்கமும் பிய்க்கும் ஆத்தா," என்றாள் மாயக்காள் அலுப்பாக. "இது படிச்ச பன்னி போலிருக்கு."

முனீஸ்வரி பூட்ஸைக் கழற்றி இறங்கினாள். படுத்த தாளைக் கொத்தாகப் பிடித்து உருவி, கையை முகர்ந்தாள். பிறகு வரப்பிலிருந்தவர்களிடம் அந்தக் கையை நீட்டினாள். ஜாய்ஸை அதற்குள் விஜய்பாண்டி கூட்டி வந்திருந்தான். முதலில் முகர்ந்தவள் அவள்தான். அந்த வாசனையில் வளர்ந்தவள்.

"வெளக்கெண்ணெ," என்றாள் ஜாய்ஸ். மறுபடியும் முகர்ந்தாள்.

ஜீப்பிலிருந்து பிணம் இறக்கப்பட்டது. முனீஸ்வரி தன் வெள்ளைக் கைக்குட்டையால் அதை மூக்கிலிருந்து வால்வரை துடைத்து விரித்துக் காட்டினாள். பழுப்புத் தூசி. எண்ணெய் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"நேத்துப் பறந்த பிளேன் இப்பிடிக் காஞ்சு கெடக்காது. மூக்குல இறுகியிருக்கிறது செம்மண்ணு. தோப்புல இருக்கிறது கரிசக் கூழு. ஆக, இது நேத்து விழல, இங்கன விழல. இது ரெட்டைப் பிள்ளைகள்ல இன்னொண்ணு. வடுகபட்டியில விழுந்தது." அவள் திரும்பினாள். "அதைக் கொளுத்திட்டேன்னீக, தங்கப்பாண்டியன்."

"கொளுத்தினேன் மேடம்."

"அதுவும் பறந்துட்டுத்தான விழுந்துச்சு? அதுலயும் எண்ணெ வழிஞ்சிருக்கும்ல? இங்க பாருங்க, மூக்குல இறுகுன மண்ணைத் தவிர மூலைமுடுக்கெல்லாம் துடைச்சிருக்கு. ஒடைஞ்ச எலும்புக்குள்ளகூடத் துணியை விட்டுத் துடைச்சிருக்கு. கொளுத்தப்போற பிளேனை யாரு இப்பிடிக் குளிப்பாட்டுவா?"

முனீஸ்வரி கைக்குட்டையை மடித்தாள்.

"நீங்க கொளுத்தல. தூக்கத்துலயும் துடைக்கிற கை அன்னைக்கும் துடைச்சிருக்கு. துடைச்சுப் பத்திரமா வச்சுக்கிட்டீக. நேத்து எல்லாரும் தேடும்போது நீங்க இந்தப் பக்கம் வந்தீக. அது வயல்ல முழுசா நின்னுச்சு. எடுத்து மறைச்சுட்டு, ராத்திரியோட ராத்திரியா பழைய பிணத்தைத் தோப்புல கொண்டாந்து போட்டீக. மாயக்காள் பாத்த அந்த ஒத்தைக் காலு உங்க காலு."

தங்கப்பாண்டியன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநாளாய்த் தூக்கி நின்ற மூட்டையை இறக்கினவர் போலிருந்தது.

"திருடணும்னு வரல மேடம். கதிர் மேல அலுங்காம உக்காந்துருந்துச்சு. ஒரு கீறல் இல்ல. பாத்ததும் வயிறு எரிஞ்சுபோச்சு. ஒரே ஆளு செஞ்சது, ஒரே கட்டை. என்னோடது செத்துச்சு, இது மட்டும் எப்பிடி எந்திரிச்சுச்சு? இம்மானுவேல் அண்ணன் எனக்கு மட்டும் ஏதோ குறை வச்சுட்டாருன்னே இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன். பிரிச்சுப் பாக்கணும்னு எடுத்துட்டுப் போனேன்."

"பிரிச்சீகளா?" ஜாய்ஸ் பதறினாள்.

"மனசு வரல பாப்பா. மண்டி மாடியில இருக்கு. துடைச்சு வச்சிருக்கேன்."

சுந்தரலிங்கம் அவர் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். முட்டி நறநறத்தது.

"ஏலே தங்கம். ஒன்னோடதுல பேட்டரியை எங்கன வச்ச?"

"அண்ணன் மூக்குப் பக்கம் வச்சிருந்தாரு. நான் வாலுப் பக்கம் தள்ளுனேன். அப்பத்தான் நல்லாச் சுத்தும்னு சொன்னாக."

"நல்லாத்தான் சுத்திருக்கும். வாலு கனத்தா தலை எப்பிடிடா சாயும்? தட்டு மாதிரி தட்டையாச் சுத்திக்கிட்டே வந்துருக்கும். கடைசியில தரை தட்டித்தான் மூக்கு குத்தி நசுங்கிருக்கும். சுத்தும்போது குச்சியை என்ன பண்ணுன?"

"ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சேன்ணே. தரைக்கு வர்ற வரைக்கும் விடல."

"ம்." சுந்தரலிங்கம் நெற்கதிர் ஒன்றைப் பிடுங்கிப் பல்லில் வைத்தார். "அவன் ரெண்டையும் ஒரே மாதிரிதான்டா கட்டுனான்."

ஜாய்ஸ் தங்கப்பாண்டியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா செஞ்ச ஒண்ணை நெசமாக் கொன்னீக. இன்னொண்ணைப் பொய்யாக் கொன்னீக. அதோட இந்த மனுசனையும் சேத்து. எங்கிட்ட அந்தப் பிணத்தைக் காட்டி அழுக வச்சீகளே, அங்கிள்."

தங்கப்பாண்டியன் மண்டிச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

விளக்கு வைத்த நேரம்.

மண்டி மாடியிலிருந்து வந்த ஏலக்காய் ஸ்டேஷன் மேசை மேல் நின்றது. பச்சை மினுங்கியது. தங்கப்பாண்டியன் எல்லா இடத்தையும் துடைத்திருந்தார். சக்கர அச்சில் சிக்கிய ஒரு நெற்கதிர் மட்டும் அவர் துணிக்குத் தப்பியிருந்தது. ஜாய்ஸ் அதை எடுக்கவிடவில்லை.

"மாமா, வாங்க, வீட்டுல சாப்புட்டுப் போகலாம்."

"நெசமாவா?"

"வித்தை காட்டுனதுக்குத் தனியாத் திட்டு இருக்கு. சோறு போட்டுட்டுத் திட்டுறேன்."

சுந்தரலிங்கத்துக்கு இருபது வயது குறைந்தது. பெஞ்சிலிருந்த மாயக்காளைப் பிடித்துக்கொண்டார். "இறங்குறதுக்கு முன்னாடி உன் வயலை மூணு தரம் சுத்திப் பாத்துச்சு ஆத்தா. எந்தப் பக்கம் நெல்லு மெத்துன்னு இருக்குன்னு பாத்து, ஹாரன் அடிச்சுட்டு, வாலை ஆட்டிக்கிட்டே—"

"சாஞ்ச நெல்லை வந்து நீதான் நிமித்திக் குடுக்கணும்," என்றாள் மாயக்காள்.

விஜய்பாண்டி பேனாவைத் திறந்தான். "மேடம், காலையில எழுதுனது பாதியில நிக்கிது. சுத்துச்சு, அவரு கையை எடுத்துட்டாரு. அதுக்கு மேல என்ன எழுத?"

முனீஸ்வரி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தார்கள். ஆள் ஓட்டாத விமானம். இரண்டு கையும் தலையில். விழுந்த சத்தம் இல்லை. படுத்த நெல்லில் எண்ணெய். எந்தப் பக்கம் உருட்டிப் பார்த்தாலும் கணக்கு ஒரே இடத்தில் போய்த்தான் நின்றது. அந்த இடத்தில் இந்தக் கிழவர் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தார்.

"ஹாரன் அடிக்கல. வாலை ஆட்டல," என்றாள் கண்ணைத் திறக்காமல். "மத்ததெல்லாம் அய்யா சொன்னபடியே நடந்துச்சு. அதுவாத் தெளிஞ்சு, அதுவாத் திரும்பி, அதுவா இறங்கிருச்சு. எழுதுறா."